பின்வாசல் கேட்டவர்

இதற்கு முன் நான் எதையும் அச்சுக்கென்று எழுதியதில்லை. வித்துவான் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறியவள் என்ற ஒரு தகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, பெரியவர்கள் எழுதும் பக்கங்களில் இடம் கேட்பது மிகையான துணிச்சல் என்பதை அறிவேன். ஆசிரியர் அவர்களும் வாசகப் பெருமக்களும் பொறுத்தருள வேண்டும். என் பிறந்த வீட்டாரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒருவரையும் தாழ்த்துவதற்காக இதை எழுதவில்லை. காரைக்குடியில் பிறந்து, மணமாகித் தேவகோட்டைக்குப் போகும்வரை அங்கேயே வளர்ந்த நான், என் ஊரின் பெரும்பகுதியை ஒரே ஒரு நாள்தான் நடந்து பார்த்தேன். செக்காலை, கழனிவாசல், சுப்பிரமணியபுரம் என்ற பெயர்களைப் பேருந்து நடத்துநர்கள் கூவக் கேட்டிருக்கிறேனே தவிர, அங்கெல்லாம் எப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன, அவற்றில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கார்க் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்ததைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுத அனுமதி வேண்டுகிறேன்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் ஆண்டு, பங்குனி மாதம்.

எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்திராதவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரிய வீடு ஒவ்வொன்றும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு ஒரு தெருவைப் பார்த்திருக்கும். அதைத் தாண்டினால் வளவு என்று நாங்கள் சொல்லும் திறந்த முற்றம், பிறகு இரண்டாம் கட்டு, பிறகு அடுப்படி, கடைசியில் பின்வாசல். அந்தப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதால், முகப்பில் உட்கார்ந்தபடியே பின்தெருவில் போகும் தண்ணீர் வண்டியைப் பார்க்கலாம்.

என் தகப்பனார் சாத்தப்ப செட்டியாருக்கு, அப்பச்சி என்று நாங்கள் அழைக்கும் அவருக்கு, வீடு என்பது பாதி வழிதான். பர்மாவிலிருந்து யுத்தத்தின்போது திரும்பி வந்த நாள் முதல், காலை நடை என்றால் அவர் தெருவில் நடந்ததில்லை. எங்கள் வீட்டுப் பின்வாசலில் இறங்கி, எதிரே இருக்கும் பங்காளி வீட்டின் முகப்பில் ஏறி, அதன் பின்வாசல் வழியாக அடுத்த தெருவுக்குப் போய், அங்கே இன்னொரு பங்காளி வீட்டில் ஏறுவார். யாரும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்பதில்லை. வாசலில் சிணுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் இறக்கி விடுவது அவருடைய இன்னொரு வழக்கம். "பிள்ளையக் காணோமா, செட்டியார் தூக்கிட்டுப் போயிருப்பாக" என்று சொல்லிவிட்டு, தாய்மார்கள் நிம்மதியாக வேலையைப் பார்ப்பார்கள். வரிசையின் கடைசி வீட்டில் அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுப்பார்கள். அதைக் குடித்துவிட்டு, வந்த வழியே திரும்புவார்.

முந்தைய ஆண்டு முதல் அவருடைய நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தது. என் அண்ணன் மகள் தேனம்மையை, என்றோ இறந்துபோன தம் தங்கையின் பெயரால் அழைத்தார். சாப்பிட்டு எழுந்த கையோடு பந்தி எப்போது என்று கேட்டார். அண்ணன் அழகு இதை வெளியே தெரியாமல் காத்துவந்தார். தேனம்மைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. தாத்தாவுக்குச் சித்தம் சரியில்லை என்ற பேச்சு கிளம்பினால், பெண்ணின் வாழ்க்கை நின்றுவிடும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்தை இன்றும் நான் தவறென்று சொல்லத் துணிய மாட்டேன்.

நான் சொல்ல வந்த நாளில், நாச்சியாபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிப்பதற்காக வருவதாக இருந்தது. அதற்காகவே நான் தேவகோட்டையிலிருந்து வந்திருந்தேன். வீட்டார் எல்லோரும் முகப்பில் ஜமுக்காளம் விரிப்பதும் வெற்றிலைத் தட்டு வைப்பதுமாக இருந்தோம். பின்வாசலை யாரும் கவனிக்கவில்லை. அப்பச்சி இல்லை என்பது தெரிந்தபோது வெயில் ஏறிவிட்டது.

பங்காளி வீடுகளில் வேலைக்காரப் பெண்ணை விட்டுச் சாடையாகக் கேட்டுவரச் சொன்னோம். வழக்கம்போல வந்தார், வழக்கம்போலப் போனார் என்றார்கள். அதன் பிறகுதான் என் அண்ணமிண்டி சிட்டாளுக்கு (அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) அது நினைவுக்கு வந்தது. வரிசையின் கடைசி வீட்டுக்காரர்கள் மூன்று நாளைக்கு முன்புதான் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குப் போயிருந்தார்கள். உட்கார வைத்துக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்புகிற வீடு பூட்டிக் கிடந்தது. அப்பச்சி அதைச் சுற்றிக்கொண்டு மேலே போயிருக்கிறார். அந்த வீட்டோடு பழைய ஊர் முடிகிறது.

அண்ணன் என்னைத் தனியாக இரண்டாம் கட்டுக்கு அழைத்தார். வேலைக்காரர்களை அனுப்பினால் ஊர் முழுவதும் பரவிவிடும் என்றும், தாம் இப்போது நகர முடியாது என்றும் சொன்னார். நான் போகிறேன் என்றேன்.

"ஆரு கேட்டாலும் எங்க அப்பச்சின்னு சொல்லிறாத உமையா. ஒரு பெரியவரத் தேடுறேன்னு மட்டும் சொல்லு. வந்தவுக கிட்ட நான் அப்பச்சி வலையபட்டிக்குப் போயிருக்காகன்னு சொல்லிக்கிறேன்" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "பிள்ளை வாழ்க்கை" என்று மட்டும் சொன்னார்.

பட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு, காதுத் தோட்டைக் கழற்றி அண்ணமிண்டி கையில் கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாக இறங்கினேன். அவசரத்தில் செருப்பை மறந்துவிட்டேன்.

பூட்டிய வீட்டைத் தாண்டியதும் செம்மண் சாலை தொடங்கியது. ஒரு மர அறுவை மில் இருந்தது. அதை அடுத்து, ஒட்டு ஒட்டாகக் கட்டிய சிறு வீடுகள். முதலில் தெருவில் போகிறவர்களிடம் கேட்டேன். வேட்டி கட்டி, அங்கவஸ்திரம் போட்டு, கைத்தடியோடு ஒரு பெரியவர் போனாரா என்று. யாரும் பார்க்கவில்லை. காதில் கடுக்கன் போட்ட ஒரு செட்டியார் அந்தத் தெருவில் தனியாக நடந்தால் கண்ணில் படாமல் இருக்க முடியாது. அப்படியானால் இந்தப் பக்கமே வரவில்லையோ என்று எண்ணித் திரும்ப இருந்தேன்.

அப்போது ஒரு வீட்டு வாசலில் கோலப்பொடி சலித்துக்கொண்டிருந்த அழகி என்ற பெண் என்னைக் கூப்பிட்டாள். பெயரைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"ஆச்சி, தெருவுல கேட்டா எப்படித் தெரியும்? அவுக தெருவுல போகலையே. எங்க வீட்டுக்குள்ளல்ல வந்தாக" என்றாள். "ஆரையும் ஏறிட்டுப் பாக்கல. நேரா அடுப்படிக்கு வந்து செவத்தத் தட்டிப் பாக்குறாக. 'பின்வாசல எங்குட்டு வச்சிருக்கீக'ன்னு கேக்குறாக. எங்களுக்கு முன்வாசலுக்கே கதவில்ல, சாக்குத்தான் தொங்குது. பின்வாசலுக்கு நான் எங்குட்டுப் போறது?"

அவள் சிரித்தாள். அப்பச்சி அலையவில்லை என்பது அந்த நொடியில் எனக்கு விளங்கியது. அவர் தம் காலை நடையைத்தான் நடந்துகொண்டிருந்தார். பங்காளி வீடுகள் முடிந்துபோனது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

சுவரைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். அங்கே நேர் எதிரே இருக்கும் வீட்டில் ஏறியிருப்பார். நானும் அப்படியே செய்தேன். தெருவை விட்டுவிட்டு, ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் நின்று, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, உள்ளே வர அனுமதி வாங்கினேன். என் ஊரை நான் இப்படித்தான் பார்த்தேன், அடுப்படி அடுப்படியாக. ஒரு வீட்டில் தையல் இயந்திரத்துக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு சேலையைத் தொங்கவிட்டு இரண்டு அறையாக்கியிருந்தார்கள். ஒரு வீட்டில் பள்ளி வாத்தியார் ஒருவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்க, அவர் தலைமாட்டிலேயே சோறு வெந்துகொண்டிருந்தது. பர்மாவிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய ஒரு குடும்பத்தில், அப்பச்சி நின்று பர்மியப் பேச்சில் ஏதோ சொல்லி, அவர்களும் பதில் சொல்லி, குடிக்க மோர் கொடுத்திருந்தார்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். பின்வாசல் எங்கே என்றுதான் கேட்டாராம்.

ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கேள்வியைத் தொடர்ந்து எனக்கு ஒரு கேள்வி வந்தது. உங்களுக்கு அவர் என்ன வேண்டும்?

தெரிந்தவர் என்றேன். தையற்காரரின் மனைவி என் வெறுங்காலைப் பார்த்தாள்.

"தெரிஞ்சவுகளுக்காகவா இந்த வெயில்ல செருப்பில்லாம ஓடியாறீக?" என்றாள். அவள் அதற்கு மேல் எனக்கு வழி காட்டவில்லை.

போகப் போகச் சிரிப்பவர்கள் குறைந்தார்கள். பாலம் கட்டும்போது பலி கொடுப்பதற்காக எங்கோ பிள்ளைகளைப் பிடித்துப் போகிறார்கள் என்ற வதந்தி அந்த மாதம் முழுவதும் பரவியிருந்தது. தேவகோட்டையில் எங்கள் தெருவில்கூடப் பிள்ளைகளைத் தனியே பள்ளிக்கு அனுப்பவில்லை. படித்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். ரயில்வே கேட்டுக்கு முன்னால் ஒரு தேநீர்க் கடை இருந்தது. அங்கே மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பேசியது என் காதில் விழுந்தது. செட்டியார் வேடத்தில் ஒருவன் வந்திருக்கிறானாம். வீடு வீடாக நுழைந்து பின்வழி இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்கிறானாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு வழி பார்க்கிறான் என்று ஒருவர் விளக்கினார். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளையைத் தூக்கிவிட்டான் என்றும், பிடித்துவிட்டார்கள் என்றும் இன்னொருவர் சொன்னார்.

கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் நின்றேன். அந்த வண்டியின் பெட்டிகளை நான் எண்ணவில்லை. ஆனால் அவை முடியவே முடியாது என்று தோன்றியது.

கேட்டைத் தாண்டி இருந்த குடியிருப்பின் பெயரை எழுதாமல் விட்டுவிடுகிறேன். மில் வேலைக்குப் போகிறவர்கள் வாழ்ந்த ஓட்டு வீடுகள் அவை. ஒரு வரிசையின் முதுகும் இன்னொரு வரிசையின் முதுகும் ஒட்டியிருக்க, நடுவே பனையோலை வேலி. வேலி எங்கேயும் அடைத்திருந்தது, பொன்னுத்தாயி என்பவளின் வீட்டுக்குப் பின்னால் மட்டும் ஆடு புகுந்து புகுந்து ஒரு வழி விட்டிருந்தது. அப்பச்சி அத்தனை நேரம் தேடிய பின்வாசல் அங்கேதான் கிடைத்திருக்கிறது. அந்த வழியில் பொன்னுத்தாயியின் பெண் குழந்தை உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததாம். அதன் பிறகு நடந்தது என்னவென்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. குழந்தையைத் தூக்கி, வேலியைத் தாண்டி, அடுத்த வரிசையில் ஒரு வீட்டு அடுப்படியில் இறக்கி விட்டிருக்கிறார். அந்த வீட்டுக்காரி, குழந்தை யாருடையது என்று அறிவதற்குள், இந்த வீட்டில் தாய் அலறியிருக்கிறாள்.

வேப்பமரத்தில் அவரைக் கட்டியிருந்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அங்கவஸ்திரம் இல்லை. கைத்தடி இரண்டாக முறிந்து கிடந்தது. இடது காது மடல் கிழிந்து, இரத்தம் கழுத்து வழியாக இறங்கியிருந்தது. கடுக்கன் அசல் வைரமா என்று யாரோ இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர் முகத்தில் வலி தெரியவில்லை, குழப்பந்தான் தெரிந்தது. விருந்தாளிக்கு ஏன் இந்த உபசாரம் என்று கேட்பதுபோல ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தையின் தகப்பன் சேவுகன் விறகுக் கட்டையோடு நின்றான். முத்துராமலிங்கம் என்ற வயதானவர் ஒரு சிறு வெள்ளிச் சம்படத்தைத் திறந்து காட்டி, இதுதான் பிள்ளைகளை மயக்கும் பொடி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது அப்பச்சி எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் திருநீற்றுச் சம்படம்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாயக்கண்ணன் என்ற இளைஞன் மிதிவண்டியில் வந்து இறங்கினான். அப்பச்சி தம் வீட்டு விலாசத்தைச் சொல்லியிருக்கிறார். முன்னோர் பெயர்களின் முதலெழுத்தால் வீட்டைக் குறிப்பது எங்கள் வழக்கம். அந்த எழுத்துகள் மட்டும் அவருக்கு மறக்கவில்லை. அதை விசாரிக்கத்தான் அவனை அனுப்பியிருந்தார்கள்.

"அந்த வீட்டுல மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்து உக்காந்திருக்காக. வீட்டுக்காரரே எந்திரிச்சு வந்து சொல்லிட்டாரு. அவுக அப்பன் வலையபட்டிக்குப் போயிருக்காராம், நாளைக்குத்தான் வருவாராம். இவன் ஆருன்னே தெரியாதாம்" என்றான்.

கூட்டத்தில் ஓர் ஒலி எழுந்தது. சேவுகன் கட்டையை வலது கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அவுக எங்க அப்பச்சி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "நான் அவுக மக."

சேவுகன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "வீட்டுக்காரரு இல்லேங்கிறாரு, நீங்க ஆமாங்கிறீக. ரெண்டுல ஒண்ணு பொய். எது?"

நான் அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா என்று ஒரு கணம் யோசித்தேன். முடியாது என்று தெரிந்தது.

"எங்க அண்ணன் சொன்னதுதான் பொய்."

அவன் நம்பவில்லை. நம்பாததற்கு அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் அப்பச்சியின் பக்கம் திரும்பி, இந்த அம்மா யார் என்று கேட்டான். அப்பச்சி என்னை உற்றுப் பார்த்தார். அவர் கண்ணில் ஏதாவது வருகிறதா என்று நானும் பார்த்தேன்.

"தெரியலையே" என்றார், மிக மரியாதையாக. "ஆரு வீட்டுப் பிள்ளை?"

கூட்டத்தில் ஒருவர், சோடியாக வந்திருக்கிறார்கள் என்றார். இன்னொருவர், அந்தப் பெண்ணையும் கட்டுங்கள் என்றார். யாரோ என் தோளைத் தொட்டார்கள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பிறந்த வீட்டுக்கு வந்தவுடனும், புறப்படும்போதும், நல்ல நாளிலும் எதைச் செய்வேனோ அதைச் செய்தேன். அந்தப் புழுதியில், அவர் காலடியில் விழுந்து கும்பிட்டேன்.

எழுந்திருக்கவில்லை. திருநீறு பூசாமல் எழுந்திருக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

"மகராசியா இரு ஆத்தா" என்று தலைக்கு மேலே குரல் வந்தது. பிறகு கயிறு இழுபடும் ஒலி. நிமிர்ந்து பார்த்தேன். கட்டிய கையை இடுப்புக்குக் கொண்டுபோக அவர் முயன்றுகொண்டிருந்தார். விரல்கள் வேட்டி மடிப்பைத் தடவின. இல்லாததைத் தேடின. "சம்படத்தக் காணமே" என்றார். "பிள்ளை விழுந்து கும்புடுது. சம்படத்தக் காணமே." அன்று முழுவதும் கலங்காத அவர் கண்கள் அப்போதுதான் கலங்கின.

பொன்னுத்தாயி குழந்தையை இடுப்பில் வைத்தபடி முன்னே வந்தாள். முத்துராமலிங்கத்தின் கையிலிருந்த சம்படத்தை வாங்கி, பொடியை விரலில் எடுத்து முகர்ந்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"மயக்குப் பொடியாம்ல" என்றாள் முத்துராமலிங்கத்தைப் பார்த்து. "நீங்க தெனமும் நெத்தியில பூசிக்கிட்டுத்தான மயங்கிக் கெடக்கீக."

யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. கணவனைக் கேட்காமல், ஒரு கையின் கயிற்றை மட்டும் அவிழ்த்து, சம்படத்தை அப்பச்சியின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் எனக்குத் திருநீறு பூசினார். பிறகு, யாரும் கேட்காமலே, அவள் இடுப்பிலிருந்த குழந்தைக்கும் பூசினார். குழந்தை அழவில்லை.

"மத்தக் கட்டையும் அவுத்து விடுங்க" என்றாள் பொன்னுத்தாயி. "பெத்தவ நான் சொல்றேன்."

சேவுகன் அவிழ்த்தான். ஆனால் ஒரு நிபந்தனை சொன்னான். அவனே வண்டி பிடித்துக் கொண்டுவந்து விடுவான், முன்வாசலில்தான் விடுவான், வீட்டுக்காரர் தம் வாயால் இவர் என் தகப்பனார் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நேராகப் போலீஸ் ஸ்டேஷன்தான். நான் கை கூப்பினேன். பின்வாசல் வழியாக விட்டால் போதும், வீட்டில் நல்ல காரியம் நடக்கிறது என்று கெஞ்சினேன்.

"பின்வாசல்ல கொண்டாந்து விட்டா நாங்க தப்புப் பண்ணுன மாதிரி ஆகிப்போகும் ஆச்சி" என்றான். "ஒரு மனுசன அடிச்சிருக்கோம். அவரு ஆருன்னு எங்களுக்குத் தெரிஞ்சாகணும்ல."

அது நியாயமாகத்தான் இருந்தது. நான் அப்பச்சியோடு மாட்டு வண்டியில் ஏறினேன்.

வந்த இடத்தையெல்லாம் இப்போது தெரு வழியாகத் திரும்பக் கடந்தோம். கேட், தேநீர்க் கடை, தையற்காரர் வீடு, சாக்குத் தொங்கும் அழகி வீடு. உள்ளே பார்த்துவிட்ட வீடுகளை வெளியேயிருந்து பார்க்கும்போது, ஒவ்வொன்றின் அடுப்படியும் எனக்குத் தெரிந்தது. முந்தானையை மடித்து அப்பச்சியின் காதில் அழுத்திப் பிடித்திருந்தேன். அவர் இரு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இங்க வீடெல்லாம் பாதியிலயே நிக்குது ஆத்தா" என்றார் இரக்கத்தோடு. "ஆரோ கட்ட ஆரம்பிச்சு நிறுத்திப்புட்டாக."

எங்கள் வீட்டு முன்னால் நாச்சியாபுரத்துக் கார் நின்றது. முகப்பில் ஜமுக்காளத்தின் மேல் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தட்டு மாற்றவில்லை, அப்போதுதான் காப்பி கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வண்டி நின்றதும் அண்ணன் எழுந்தார். என்னைப் பார்த்தார். அப்பச்சியைப் பார்த்தார். காதைப் பார்த்தார். சேவுகனும் மாயக்கண்ணனும் இறங்கி நின்றார்கள்.

"இவுக உங்க வீட்டு ஆளா?" என்று சேவுகன் கேட்டான்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. அவர் உதடு அசைந்தது. வந்தவர்களில் மூத்தவர், மாப்பிள்ளையின் பெரியப்பச்சி, காப்பி டம்ளரை எடுத்த கையை அப்படியே நிறுத்தினார். சேவுகன் இரண்டாம் முறை கேட்டான். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் என் பங்கைச் சொல்லிவிட்டு வந்திருந்தேன், மிச்சம் அவருடையது.

அப்பச்சிதான் முதலில் அசைந்தார். கால் மிதியில் பாதத்தைத் தட்டிவிட்டு, முகப்பில் ஏறினார். உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. வளவில் பெண்கள் நடுவே பட்டுடுத்தி உட்கார்ந்திருந்த தேனம்மை எழுந்து நின்றாள். அவளையும் தாண்டினார். இரண்டாம் கட்டு, அடுப்படி. எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. முகப்பிலிருந்த அத்தனை பேரும், அந்த நேர்கோட்டின் வழியாக, முதுகு காட்டிச் சிறுத்துக்கொண்டே போகும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கழுத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. பின்வாசல் கதவை அவர் தள்ளினார். அது திறந்தது. வெளிச்சத்தில் ஒரு நொடி நின்றார். திருப்தியாக நின்றதுபோல எனக்குத் தோன்றியது. பிறகு அடுத்த தெருவில் இறங்கிவிட்டார்.

"அப்பச்சி!" என்று அண்ணன் கத்தினார். கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். அந்த ஒரு சொல்லை ஊரே கேட்டிருக்கும்.

சேவுகன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. போகும்போது, அவரைக் கொஞ்சம் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று தாழ்ந்த குரலில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

மாப்பிள்ளையின் பெரியப்பச்சி டம்ளரைத் தட்டில் வைத்தார். என்னைப் பக்கத்தில் அழைத்தார்.

"வலையபட்டிக்குப் போனவுக இவுகதானா ஆத்தா?"

ஆமாம் என்றேன்.

"பெரியவருக்கு நினைவு தப்புறதுல ஒண்ணுமில்ல. எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காக, கட்டில்ல தண்ணி ஊத்திக்கிட்டு" என்றார். "ஆனா அந்த சைக்கிள்காரன் வந்து கேட்டப்ப நாங்க எல்லாரும் இங்கனதான் இருந்தோம். உங்க அண்ணன் குரல் கொஞ்சங்கூட நடுங்கல."

அவர்கள் யாரையும் நோகடிக்காமல், வணக்கம் சொல்லிவிட்டு எழுந்தார்கள். காப்பி ஆடை படிந்து கிடந்தது.

அன்று எங்கள் வீடு இழந்தவற்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். அப்பச்சியின் இடது காதுக் கடுக்கன், அது கிடைக்கவில்லை. அந்தக் காதின் கேட்கும் திறன். ரங்கூனில் வாங்கிய கைத்தடி. ஓர் அங்கவஸ்திரம். தேனம்மைக்கு வந்த நாச்சியாபுரத்து இடம். அப்பச்சியின் காலை நடை. மறுநாளே அண்ணன் பின்வாசலுக்குப் பூட்டுப் போட்டார், அப்பச்சி காலமான பிறகும் அது திறக்கப்படவில்லை. என்னோடு அண்ணன் பேசிவந்த பேச்சு.